அதிபர் யாரையெல்லாம் பதவிநீக்கலாம்? அமெரிக்க நிர்வாக அதிகாரத்தின் எல்லை குறித்த விவாத இழை

வைகைக்கரையான் | 10 டிசம்பர் 2025

கடந்த திங்கட்கிழமை, டிசம்பர் 8 அன்று, அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரெபெக்கா ஸ்லாட்டர் வழக்கில் வாய்மொழி வாதங்களைக் கேட்டது. ஸ்லாட்டர், வணிகப் போட்டியையும் நுகர்வோர் நலனையும் கண்காணிக்கும் கூட்டரசு வணிக ஆணையத்தின் உறுப்பினராக இருந்தவர். 2018இல் அவரை முதன்முதலில் அப்பதவிக்கு நியமித்தவர் டிரம்ப். மறுநியமனம் செய்தவர் பைடன். ஐந்து பேர் கொண்ட அந்த ஆணையத்தில் ஒரே கட்சியைச் சேர்ந்தவர்கள் மூவருக்கு மேல் இருக்கக்கூடாது என்றும், ஏழாண்டுப் பதவிக்காலத்துக்குள் ஓர் உறுப்பினரை நீக்க வேண்டுமானால் திறமையின்மை, கடமை தவறுதல், முறைகேடு ஆகியவற்றுள் ஒன்று இருக்க வேண்டும் என்றும் 1914ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. கடந்த மார்ச் மாதம் ஸ்லாட்டரைப் பதவிநீக்கி அனுப்பப்பட்ட கடிதத்தில் இம்மூன்றில் ஒன்றும் சொல்லப்படவில்லை. அவர் பதவியில் நீடிப்பது தம் அரசின் முன்னுரிமைகளோடு பொருந்தவில்லை என்பதே அதிபர் தந்த விளக்கம். கீழ் நீதிமன்றங்கள் ஸ்லாட்டர் பக்கம் நின்றன. உச்ச நீதிமன்றமோ, வழக்கு முடியும்வரை அவர் வெளியே இருக்கட்டும் என்று செப்டம்பரில் உத்தரவிட்டது.

எனக்குள்ள ஐயம் இதுதான். நிர்வாக அதிகாரம் ஓர் அதிபரிடம் ஒப்படைக்கப்படுகிறது என்று அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு தொடங்குகிறது. அப்படியானால் அவரால் நீக்க முடியாத ஓர் அதிகாரி அந்த நிர்வாகத்துக்குள் எப்படி இருக்க முடியும்? மாறாக, எவரையும் அவர் நீக்கலாம் என்றால், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டமியற்றி உருவாக்கிய ஆணையங்களுக்கு என்ன பொருள்? டிரம்பைப் பிடிக்குமா, பிடிக்காதா என்பதை ஒதுக்கிவிட்டு நண்பர்கள் எழுத வேண்டுகிறேன்.

சட்டநோக்கர் | 10 டிசம்பர் 2025

கேள்வி நல்லது. ஆனால் நாளேடுகளில் "அரசு ஊழியர்கள்" என்று ஒரே சொல்லுக்குள் அடைக்கப்படுபவர்கள் மூன்று வெவ்வேறு வகையினர் என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

முதல் வகை அரசியல் நியமனங்கள். துறைச் செயலர்கள், துணைச் செயலர்கள், தூதர்கள் எனச் சுமார் 4,000 பதவிகள். இவற்றுள் ஏறத்தாழ 1,200 அல்லது 1,300 பதவிகளுக்குச் செனட்டின் ஒப்புதல் தேவை. ஆட்சி மாறினால் இவர்கள் போவார்கள் என்பதில் எவருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இரண்டாம் வகை, தகுதி அடிப்படையில் சேர்ந்த நிரந்தர ஊழியர்கள். அஞ்சல் துறையைச் சேர்க்காமலே இவர்கள் 20 லட்சத்துக்கு மேல். பெரும்பாலோர் வாஷிங்டனுக்கு வெளியே, முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளிலும் வனத்துறை நிலையங்களிலும் விமான நிலையங்களிலும் வேலை செய்பவர்கள். பணித்திறனை மேம்படுத்தும் காரணம் இருந்தால்தான் இவர்களை நீக்கலாம் என்பது 1912 முதல் சட்டம். மூன்றாம் வகைதான் ஸ்லாட்டர் போன்ற ஆணைய உறுப்பினர்கள்: அதிபரால் நியமிக்கப்பட்டு, செனட்டால் ஒப்புக்கொள்ளப்பட்டு, குறிப்பிட்ட காலத்துக்குச் சட்டப் பாதுகாப்போடு இருப்பவர்கள்.

இரண்டாம் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் உள்ள தொடர்பு பலர் கண்ணில் படுவதில்லை. பணிநீக்கம் செய்யப்பட்ட ஒரு சாதாரண ஊழியர் முறையிட வேண்டிய இடம், 1978ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டம் உருவாக்கிய தகுதிமுறைப் பாதுகாப்பு வாரியம். அது மூன்று உறுப்பினர்களைக் கொண்டது. 2017 ஜனவரி முதல் 2022 மார்ச் வரை அங்கே தீர்ப்பளிக்கத் தேவையான குறைந்தபட்ச உறுப்பினர்கள்கூட இல்லாததால், ஆயிரக்கணக்கான மேல்முறையீடுகள் முடங்கிக் கிடந்தன. இந்த ஆண்டு அதன் உறுப்பினர் கேத்தி ஹாரிஸையும் அதிபர் நீக்கினார். வாரியமே அதிபரின் விருப்பப்படி நடக்க வேண்டியதாகிவிட்டால், வனக் காவலருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு ஏட்டளவில் இருக்குமே தவிர, அதைக் கேட்டுப் பெறுவதற்கு நம்பகமான இடம் இருக்காது. ஆகவே ஸ்லாட்டர் வழக்கு சில உயர் அதிகாரிகளைப் பற்றியது மட்டுமன்று.

வரலாற்று மாணவி | 11 டிசம்பர் 2025

வைகைக்கரையான் ஐயாவின் கேள்விக்கு அரசமைப்புச் சட்டத்தின் சொற்களுக்குள் விடை கிடையாது. நியமனம் எப்படி என்று அது விரிவாகச் சொல்கிறது. நீக்கம் பற்றி, காங்கிரஸ் குற்றஞ்சாட்டி விசாரிக்கும் வழியைத் தவிர, ஒரு வரியும் இல்லை. அந்த மௌனத்தை நிரப்பும் சண்டைதான் 236 ஆண்டுகளாக நடக்கிறது.

1789இல் கூடிய முதல் காங்கிரஸிலேயே அது தொடங்கிவிட்டது. வெளியுறவுத் துறையை உருவாக்கும் சட்டத்தின்போது, செயலரை நீக்கும் உரிமை அதிபருக்கே உரியது என்று அரசமைப்பை வகுத்தவர்களுள் ஒருவரான மாடிசன் வாதிட்டார். அதற்கு முந்தைய ஆண்டுதான், அவரைப் போலவே அதை வகுத்தவர்களுள் ஒருவரான ஹாமில்டன், நியமனத்துக்குத் தேவைப்படும் செனட்டின் இசைவு நீக்கத்துக்கும் தேவைப்படும் என்று, அரசமைப்பை ஆதரித்து எழுதப்பட்ட ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளுள் ஒன்றில் எழுதியிருந்தார். செனட்டில் வாக்குகள் சமமாகப் பிரிந்தன. துணை அதிபர் ஜான் ஆடம்ஸின் வாக்கால் மாடிசன் தரப்பு வென்றது. அதிபருக்கு முழு அதிகாரம் கோருவோர் இன்றும் முதலில் எடுத்துக்காட்டுவது இந்த முடிவைத்தான். ஆனால் அதே கோடைக்காலத்தில், கருவூலத்தின் கணக்குத் தணிக்கையாளர் பதவியைப் பற்றிப் பேசிய மாடிசன், அந்த வேலையில் நீதிபதியின் தன்மை கலந்திருப்பதால் அவர் அதிபரின் விருப்பத்தை மட்டுமே நம்பி இருக்கலாகாது என்றும் சொன்னார். இதை அவர்கள் எடுத்துக்காட்டுவதில்லை.

எல்லாவற்றையும்விட இன்றைய வழக்குக்கு நெருக்கமானதாக நான் கருதுவது 1833ஆம் ஆண்டு நிகழ்வு. அதிபர் ஆண்ட்ரூ ஜாக்சன் இரண்டாம் அமெரிக்க வங்கியை ஒழிக்க விரும்பினார். அதற்காக அரசின் வைப்புப் பணத்தை அங்கிருந்து எடுக்க நினைத்தார். ஆனால் அந்த முடிவை எடுக்கும் அதிகாரத்தைச் சட்டம் கருவூலச் செயலருக்குத்தான் கொடுத்திருந்தது, அதிபருக்கு அன்று. கருவூலச் செயலராக இருந்த மெக்லேன் உடன்படவில்லை. அவரை வெளியுறவுத் துறைக்கு மாற்றிவிட்டு வில்லியம் டுவேனைக் கொண்டுவந்தார். டுவேனும் மறுத்தார், பதவி விலகவும் மறுத்தார். ஜாக்சன் அவரை நீக்கிவிட்டு ரோஜர் டானியை அமர்த்த, பணம் வெளியேறியது. செனட் 1834இல் ஜாக்சன்மீது கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியது, டானியின் நியமனத்தையும் நிராகரித்தது. ஆனால் போன பணம் திரும்பவில்லை, 1837இல் கண்டனத் தீர்மானமே பதிவேட்டிலிருந்து அடிக்கப்பட்டது. சட்டம் ஓர் அதிகாரியின் பெயரில் எழுதிவைத்த அதிகாரத்தை, அந்த அதிகாரியை மாற்றுவதன் மூலமே அதிபர் தம் கைக்குக் கொண்டுவரலாம் என்பதை ஜாக்சன் நிகழ்த்திக் காட்டினார். நீக்கும் அதிகாரம் ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்கு நான் இந்த ஒரு கதையைத்தான் சொல்வேன்.

1867இல் காங்கிரஸ் எதிர்த்திசையில் எல்லை மீறியது. செனட்டின் ஒப்புதலோடு நியமிக்கப்பட்டவரை அதன் இசைவின்றி நீக்கக்கூடாது என்று சட்டம் செய்து, போர்த்துறைச் செயலர் ஸ்டான்டனை நீக்கிய அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன்மீது குற்றம் சாட்டியது. செனட்டில் 35க்கு 19. தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரு வாக்குக் குறைந்ததால் ஜான்சன் தப்பினார். அச்சட்டம் 1887இல் நீக்கப்பட்டது.

பொருநைவாசி | 11 டிசம்பர் 2025

இதுவரை எழுதிய இருவரும் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதால் மறுபக்கத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். எனக்கு அதில் உண்மையான நம்பிக்கையும் உண்டு.

அமெரிக்கா முழுவதும் சேர்ந்து வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பதவிகள் அதிபரும் துணை அதிபரும் மட்டுமே. ஓர் ஆணையம் நிறுவனங்களின்மீது வழக்குத் தொடுக்கிறது, அபராதம் கேட்கிறது, நாடு முழுவதும் செல்லும் விதிகளை எழுதுகிறது. அது தவறு செய்தால் குடிமகன் யாருக்கு எதிராக வாக்களிப்பது? அதிபரைக் கேட்டால், "அவர்கள் என் கட்டுப்பாட்டில் இல்லை" என்பார். காங்கிரஸைக் கேட்டால், "நாங்கள் சட்டம்தான் இயற்றினோம்" என்பார்கள். அதிபர் ரூஸ்வெல்ட் அமைத்த பிரவுன்லோ குழுவே 1937இல் இந்த ஆணையங்களைத் தலையில்லாத நான்காவது உறுப்பு என்று குறை கூறியது. அந்தக் குழு வலதுசாரிகளின் கூட்டம் அன்று.

1926இல் மையர்ஸ் வழக்கில், தாமே முன்பு அதிபராக இருந்த தலைமை நீதிபதி டாஃப்ட், ஓரிகன் மாநிலம் போர்ட்லாண்டின் அஞ்சல் தலைவரை அதிபர் வில்சன் நீக்கியது செல்லும் என்று தீர்ப்பளித்து, நீக்கும் உரிமை நிர்வாக அதிகாரத்தின் இயல்பான பகுதி என்றார். ஒன்பதே ஆண்டுகள் கழித்து, 1935இல் ஹம்ஃப்ரி வழக்கில், அதே நீதிமன்றம் ஒருமனதாக வேறு பாதைக்குப் போனது. கூட்டரசு வணிக ஆணையம் பாதி சட்டமியற்றும் அமைப்பு, பாதி நீதிமன்றம், ஆகவே அதிபரின் கைக்கு எட்டாதது என்றது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. முந்தைய அதிபர்கள் கூலிட்ஜும் ஹூவரும் நியமித்த, வணிக நிறுவனங்களுக்கு இணக்கமான ஓர் உறுப்பினரை ரூஸ்வெல்ட் நீக்கியது செல்லாது என்றுதான், அவருடைய புதிய திட்டங்களை விரும்பாத நீதிபதி சதர்லாந்து அந்தத் தீர்ப்பை எழுதினார். இன்று முற்போக்காளர்கள் அதையே அரணாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

1935இல் இருந்ததைவிட அந்த ஆணையத்தின் அதிகாரம் இன்று மிகவும் விரிந்துவிட்டது. 2020இல் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பின் ஒற்றைத் தலைவரை அதிபர் விருப்பப்படி நீக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னபோதே ஹம்ஃப்ரி தீர்ப்பின் அடித்தளம் போய்விட்டது. இப்போது நடப்பது அதன் எஞ்சிய சுவரை இடிப்பது மட்டுமே.

கோரமண்டலம் | 11 டிசம்பர் 2025

பொருநைவாசி அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. இந்த வாதம் சரியென்றால், நாட்டின் மைய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் ஆளுநர்களையும் அதிபர் நினைத்தபோது நீக்கலாம்தானே? வட்டி விகிதத்தைக் குறைக்க மறுக்கும் ஆளுநரை அனுப்பிவிட்டு, குறைப்பவரை அமர்த்தலாமே?

சட்டநோக்கர் | 12 டிசம்பர் 2025

கோரமண்டலம் தொட்டது இந்த வாதத்தின் மிக வலுவற்ற இடம். நீதிபதிகளுக்கும் அது தெரியும். கடந்த மே 22 அன்று, தொழிலாளர் உறவு வாரியத்திலிருந்து நீக்கப்பட்ட க்வின் வில்காக்ஸ் தொடர்பான இடைக்கால உத்தரவில், ஃபெடரல் ரிசர்வ் தனித்தன்மை வாய்ந்த, பாதி தனியார் இயல்புடைய அமைப்பு என்றும், முதலாம், இரண்டாம் அமெரிக்க வங்கிகளின் மரபில் வருவது என்றும் எழுதி, அதை மட்டும் தனியே எடுத்து வைத்தார்கள். வழக்கில் எவரும் அதுபற்றித் தீர்ப்புக் கேட்டிருக்கவில்லை.

இந்த விதிவிலக்கு எனக்கு நியாயமாகப் படவில்லை. ஃபெடரல் ரிசர்வின் ஆளுநர் குழு வாஷிங்டனில் இருக்கும் அரசு அமைப்பு. அதன் ஏழு உறுப்பினர்களையும் அதிபர் நியமிக்கிறார், செனட் ஒப்புகிறது. வங்கிகளை ஒழுங்குபடுத்தும் விதிகளை எழுதி, மீறுவோர்மீது அபராதமும் விதிக்கிறது. வணிக ஆணையம் செய்வது நிர்வாகம் என்றால் இதுவும் நிர்வாகமே. மரபு என்ற வாதமும் நிற்காது. வரலாற்று மாணவி எழுதியதை மீண்டும் பாருங்கள்: நீதிமன்றம் மேற்கோள் காட்டும் அந்த இரண்டாம் வங்கியைத்தான், ஒரு கருவூலச் செயலரை நீக்கியதன் மூலம் ஜாக்சன் வீழ்த்தினார்.

உண்மையான காரணம் சந்தை குறித்த அச்சம் என்றே நினைக்கிறேன். அந்த அச்சம் சரியானதுதான். ஆனால் அப்படிச் சொன்னால், அதிபரிடமிருந்து சில முடிவுகளைத் தள்ளி வைப்பதில் பொதுநன்மை உண்டு என்று ஒப்புக்கொண்டதாகும். பிறகு அந்த நன்மை எந்த அமைப்புக்குத் தேவை என்று தீர்மானிப்பது காங்கிரஸா, நீதிமன்றமா என்ற கேள்வி மட்டுமே மிஞ்சும். ஆளுநர் லிசா குக்கை நீக்குவதாக அதிபர் ஆகஸ்டில் அறிவித்தார். அவரை இப்போதைக்குப் பதவியில் இருக்கவிட்ட உச்ச நீதிமன்றம் ஜனவரியில் வாதம் கேட்கவிருக்கிறது. அங்கே அதிபர் தரப்பு "காரணம் இருக்கிறது" என்று வாதிடுகிறது. காரணமே வேண்டாம் என்று வாதிடவில்லை.

பொருநைவாசி | 12 டிசம்பர் 2025

விதிவிலக்கு ஒவ்வாதது என்பதை ஏற்கிறேன். ஆனால் ஒவ்வாத ஒரு விதிவிலக்கு இருப்பதால் விதியே பிழை என்றாகாது. பணக்கொள்கையைக் காங்கிரஸ் தன் சொந்த அதிகாரத்திலிருந்து பிரித்துக் கொடுத்தது. நாணயம் அச்சிடுவதும் அதன் மதிப்பை முறைப்படுத்துவதும் அரசமைப்புச் சட்டத்தின் முதல் பிரிவில் காங்கிரஸிடம் உள்ள வேலைகள். ஒழுங்குமுறைப் பணியை மட்டும் அதிபரிடம் விட்டு, வட்டி விகிதத்தைத் தனியே வைக்கும் பிரிவினை சாத்தியமே. தனி ஆணையங்களை அதிபரின் மேற்பார்வைக்குள் கொண்டுவந்த, கடந்த பிப்ரவரி 18ஆம் நாளைய அதிபர் ஆணையைப் படித்தவர்கள் அதே கோட்டை அங்கே காணலாம்.

நெறியாளர் | 12 டிசம்பர் 2025

தேர்தல் முடிவுகளைப் பற்றிய இரு பதிவுகள் வேறு இழைக்கு மாற்றப்பட்டன. தலைப்பை விட்டு விலகாமல் தொடரவும்.

கோப்புக்கட்டு | 13 டிசம்பர் 2025

எல்லோரும் நீக்கத்தையே பேசுகிறோம். ஓர் அலுவலகத்தில் ஆளை மாற்றுவது ஒன்று, வேலையை மாற்றுவது வேறு. ஐசன்ஹோவர் அதிபராக வரப்போகிறார் என்றபோது அப்போதைய அதிபர் ட்ரூமன் சொன்னது நினைவுக்கு வருகிறது: படைத்தளபதி இந்த நாற்காலியில் உட்கார்ந்து "இதைச் செய், அதைச் செய்" என்பார், ஒன்றும் நடக்காது, பாவம் என்றார். ட்ரூமனும் பட்டவர்தாம். 1952இல் கொரியப் போரின் நடுவே எஃகு ஆலைகளை அரசு ஏற்க ஆணையிட்டார். அதைச் செய்ய மறுத்த அதிகாரி எவரும் இல்லை. ஆறுக்கு மூன்று என உச்ச நீதிமன்றம்தான் தடுத்தது.

ஒரு விதியைக் கொண்டுவரவோ கைவிடவோ வேண்டுமானால், 1946ஆம் ஆண்டு நிர்வாக நடைமுறைச் சட்டப்படி அறிவிப்பு வெளியிட்டு, பொதுமக்கள் கருத்தைக் கேட்டு, காரணத்தை எழுத்தில் வைக்க வேண்டும். ரீகன் அரசு, கார்களில் தானியங்கிப் பாதுகாப்புப் பட்டையோ காற்றுப்பையோ வேண்டும் என்ற விதியைக் கைவிட்டபோது, ஏன் என்று ஒழுங்காக விளக்கவில்லை என்று 1983இல் உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. இளவயதில் அழைத்துவரப்பட்டோருக்கான குடியேற்றப் பாதுகாப்பை டிரம்பின் முதல் அரசு நீக்கியதும் 2020இல் இதே காரணத்தால் விழுந்தது. இரண்டு வழக்குகளிலும் துறையின் தலைவர் அதிபரின் ஆள்தான், அவர் சொன்னதைச் செய்தவர்தான். கீழ்ப்படியும் அதிகாரி இருப்பது மட்டும் போதவில்லை.

இன்னொரு பூட்டு பணம். தம் மறுப்பாணையைக் காங்கிரஸ் மீறி நிறைவேற்றிய கழிவுநீர்த் திட்டத்தின் நிதியை நிக்சன் முழுமையாக விடுவிக்கவில்லை. அது தவறு என்று 1975இல் தீர்ப்பு வந்தது. அதற்குள் 1974இலேயே காங்கிரஸ் நிதித் தடுப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்திருந்தது: ஒதுக்கிய நிதியை ரத்து செய்ய அதிபர் கோரலாம், 45 நாட்களுக்குள் காங்கிரஸ் இசையாவிட்டால் செலவழித்தே ஆக வேண்டும். இந்த ஆகஸ்டில் அந்தப் பூட்டுக்கு ஒரு கள்ளச்சாவி கண்டுபிடிக்கப்பட்டது. நிதியாண்டு செப்டம்பர் 30இல் முடிகிறது. 45 நாள் எஞ்சியிராத நேரத்தில் சுமார் 490 கோடி டாலர் வெளிநாட்டு உதவியை ரத்து செய்யக் கோரினார்கள். காங்கிரஸ் வாயைத் திறக்கும் முன்பே நிதி காலாவதியாகும். உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவில் இதற்கு இடமளித்தது. ஸ்லாட்டர் வழக்கைவிட இதுவே எனக்குக் கவலை தருகிறது, ஏனென்றால் ஆளை நீக்கினால் அடுத்த அதிபர் வேறோர் ஆளை அமர்த்தலாம். பணத்தின்மேல் காங்கிரஸுக்குள்ள பிடி போனால் அது எந்தக் கட்சி வந்தாலும் எளிதில் மீளாது.

வரலாற்று மாணவி | 13 டிசம்பர் 2025

கோப்புக்கட்டு சொல்லும் பூட்டுகள் வேலை செய்வதற்கும் உள்ளே யாராவது இருக்க வேண்டும். "இந்தக் காரணம் நீதிமன்றத்தில் நிற்காது" என்று குறிப்பெழுதும் நடுநிலை ஊழியர் அவர். அவருடைய நிலைதான் இப்போது மாறுகிறது.

ஜாக்சன் காலத்தில் தொடங்கிய, வென்றவர் கட்சிக்கே பதவிகள் என்ற முறை, 1881 ஜூலை 2 அன்று பதவி கிடைக்காத சார்லஸ் கிட்டோ அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டபோது பொறுக்க முடியாததாயிற்று. செப்டம்பரில் கார்ஃபீல்ட் இறந்தார். தகுதி பார்த்தே வேலை தர வேண்டும் என்ற பெண்டில்டன் சட்டத்தில் 1883 ஜனவரியில் கையெழுத்திட்ட செஸ்டர் ஆர்தர், அந்த முறையில் வளர்ந்தவர். நியூயார்க் துறைமுகத்தின் சுங்கத் தலைவர் பதவியிலிருந்து சீர்திருத்தத்தின் பெயரால் 1878இல் அகற்றப்பட்டவர். தொடக்கத்தில் பத்தில் ஒரு பங்கு பதவிகளுக்கே அது பொருந்தியது. விந்தை என்னவென்றால், அதைப் பெருக்கியது பெரும்பாலும் தோற்று வெளியேறும் அதிபர்களின் கட்சி நலம்தான்: தங்கள் ஆட்களை அடுத்தவர் நீக்காதபடி அந்தப் பதவிகளைச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்துவிட்டுப் போனார்கள்.

2020 அக்டோபரில் டிரம்ப் 'அட்டவணை எஃப்' என்ற ஆணையால், கொள்கை வகுப்பில் தொடர்புடைய நிரந்தர ஊழியர்களை அந்தப் பாதுகாப்பிலிருந்து வெளியே எடுக்க முயன்றார். பைடன் 2021 ஜனவரியில் அதை ரத்து செய்தார், 2024 ஏப்ரலில் தடுப்பு விதியும் கொண்டுவந்தார். 2025 ஜனவரி 20 அன்று அட்டவணை எஃப் வேறு பெயரில் திரும்பியது. அரசின் கணக்குப்படியே ஏறத்தாழ 50,000 பேர் அதற்குள் வருவார்கள். மொத்த ஊழியரில் இது சிறு பகுதி என்பார்கள்; ஆனால் 4,000 அரசியல் நியமனங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பொருநைவாசி | 14 டிசம்பர் 2025

வேலை செய்யாத ஊழியரை நீக்க மாதக்கணக்கில் கோப்பு சேர்க்க வேண்டியிருப்பதையும், நீக்கியபின் வழக்கு ஆண்டுக்கணக்கில் ஓடுவதையும் அம்மையார் குறிப்பிடவில்லை. 1978இல் சீர்திருத்தம் கொண்டுவந்த ஜனநாயகக் கட்சி அதிபர் கார்ட்டரும் இதே குறையைச் சொல்லித்தான் வந்தார். பாதுகாப்பு வேண்டும், ஆனால் தேர்தலில் வென்ற கொள்கையை மெல்ல இழுத்தடித்துக் கொல்லும் உரிமை அதில் சேராது.

வைகைக்கரையான் | 14 டிசம்பர் 2025

விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. இன்னும் ஒன்று தெளிவாகவில்லை. நீக்கம் சட்டவிரோதம் என்றே தீர்ப்பு வந்தாலும், ஸ்லாட்டர் தம் நாற்காலிக்குத் திரும்ப முடியுமா?

சட்டநோக்கர் | 14 டிசம்பர் 2025

அது இந்த வழக்கின் இரண்டாவது கேள்வியாகவே நீதிமன்றத்தின் முன் இருக்கிறது. மையர்ஸ், ஹம்ஃப்ரி இருவருமே தீர்ப்பு வருமுன் இறந்துவிட்டார்கள். முதல் வழக்கை நடத்தியவர் மையர்ஸின் மனைவி. இரண்டாவதை நடத்தியவர் ஹம்ஃப்ரியின் சொத்து நிர்வாகி, வழக்கின் பெயரே அதுதான். இருவரும் கேட்டது சம்பள பாக்கியை. ஆகவே, முறையின்றி நீக்கப்பட்டவரை மீண்டும் அமர்த்தும்படி நீதிமன்றம் உத்தரவிடலாமா என்பதை அந்த இரு தீர்ப்புகளும் தொடவே இல்லை. முடியாது, பணம் மட்டும் தரலாம் என்பது அதிபர் தரப்பு வாதம். அதை நீதிபதிகள் ஏற்றால், ஹம்ஃப்ரி தீர்ப்பை ரத்து செய்யவே வேண்டியதில்லை. 1914ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டில் அப்படியே இருக்கும்; எந்த அதிபரும் ஓர் உறுப்பினரின் மீதிச் சம்பளத்தைக் கருவூலத்திலிருந்து கொடுத்துவிட்டு, ஆணையத்தைத் தாம் விரும்பியபடி அமைத்துக்கொள்ளலாம். தீர்ப்பு வந்ததும் முதல் கேள்விக்கான பக்கங்களைத்தான் எல்லோரும் புரட்டுவார்கள். நான் இரண்டாவது கேள்வியிலிருந்து படிக்கத் தொடங்குவேன்.